சுண்ணாம்பு சேர்த்தும் ஜல்லி உரிகிறது என்றால்

சுண்ணாம்பின் அளவைக் கூட்டாதீர்கள், சேர்க்கும் முறையை மாற்றுங்கள். தார்க் கலவையில் ஒன்றரை விழுக்காடு சுண்ணாம்பு சேர்த்தும் காட்பாடிச் சாலையில் ஐப்பசி மழைக்குப் பின் ஜல்லி தாரை விட்டு உரிகிறது என்கிறீர்கள். அந்த அளவு போதுமானதே. ஆனால் உலர்ந்த ஜல்லியின் மேல் பொடியாகத் தூவி கலவை ஆலையின் டிரம்முக்குள் (ஜல்லியைச் சூடாக்கி உலர்த்தும் சுழல் உருளை) அனுப்பினால், புகைக் காற்று அதில் ஒரு பங்கை அள்ளிக்கொண்டு போய்விடும். காசு கொடுத்து வாங்கிய சுண்ணாம்பு, புகையை வடிகட்டும் தூசிப் பையில் கிடக்கும்!

வேலூர்ப் பக்கத்துக் கருங்கல்லில் சிலிக்கா அதிகம். அது தாரைவிடத் தண்ணீரைத்தான் விரும்பும். சுண்ணாம்பு கல்லின் மேல் படிந்தால்தான் அந்தக் குணம் மாறும். அதற்கு ஈரம் வேண்டும்: கல் உறிஞ்சியது போக 2 முதல் 3 விழுக்காடு. ஈர ஜல்லியில் நீற்றிய சுண்ணாம்பைப் புரட்டிய பிறகே டிரம்முக்கு அனுப்புங்கள். உலர்த்த எரிபொருள் கூடுதலாகும், ஒப்பந்தக்காரர் முணுமுணுப்பார்.

முதலில் ஒரு சோதனை:

1. ஆலைக் கலவையில் ஒரு பிடி எடுத்துக் கொதிநீரில் 10 நிமிடம் வையுங்கள்.
2. அதே ஜல்லியைக் கையால் ஈரச் சுண்ணாம்பில் புரட்டி, காயவைத்து, தார் கலந்து அப்படியே செய்யுங்கள்.

இரண்டாவது கருமை மாறாமல் இருந்து முதலாவது வெளுத்தால், கோளாறு ஆலையில்தான்.

இது கண்ணால் பார்க்கும் சோதனை மட்டுமே. ஈரப்படுத்திய மாதிரியின் இழுவலிமை உலர்ந்ததில் 80 விழுக்காடாவது நிற்கிறதா என்று ஆய்வகத்தில் பார்த்துவிடுங்கள். ரோலர் சரியாக ஓடாமல் காற்றிடைவெளி மிகுந்த சாலையைச் சுண்ணாம்பு காப்பாற்றாது.