பிக் பாய் மூச்சு விடும் கணக்கு

டிரெயின் சிமுலேட்டர் என்ற ரயில் ஓட்டும் கேமில் ஓட்ட, அமெரிக்க நீராவி என்ஜின் ஆட்-ஆன் (கேமில் கூடுதலாகச் சேர்க்கும் தொகுப்பு) ஒன்று வாங்க நினைக்கிறேன். பெயிண்ட், துரு, எழுத்து எல்லாம் அசல் போலவே இருக்கின்றன. வேறென்ன பார்க்க வேண்டும்? – வாசகர், கரூர்

பெயிண்ட் அழகாக இருந்தால் நல்ல ஓவியர் கிடைத்திருக்கிறார் என்று அர்த்தம். என்ஜின் தெரிந்தவர் கிடைத்தாரா என்பது வேறு கேள்வி. நான் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவன். துருவை ரசிக்கும் பழக்கம் எனக்கு வரவே இல்லை. வாங்கும் முன் அந்த என்ஜினை யாராவது ஓட்டிய வீடியோவைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

கேட்டால் என்ன தெரிந்துவிடும்? நான் பார்ப்பது பிக் பாய் என்ற ராட்சத நீராவி என்ஜின். – வாசகர், கோவை

பாதி விஷயம் தெரிந்துவிடும். யூனியன் பசிபிக் ரயில்வேக்காக அல்கோ நிறுவனம் 1941 முதல் 1944 வரை கட்டிய 25 பிக் பாய்களுக்கும் இயக்கு சக்கரத்தின் விட்டம் 68 அங்குலம். மணிக்கு 12 மைல் வேகத்தில் அந்தச் சக்கரம் ஏறக்குறைய நொடிக்கு ஒரு சுற்று சுற்றும். இரண்டு சிலிண்டர் என்ஜின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை புகைபோக்கி வழியே நீராவியைத் தள்ளும். அந்த ஒவ்வொரு 'சஃப்' சத்தத்தையும் ஓர் அடி என்போம். ஆக, நொடிக்கு நான்கு அடி. கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணுங்கள்; வேகமும் அடியும் ஒத்துவராவிட்டால் காசைப் பத்திரமாக வையுங்கள்.

பிக் பாயில் இன்னொரு சங்கதி உண்டு. ஒரே பாய்லருக்குக் கீழே இரண்டு என்ஜின்கள். முன்னதையும் பின்னதையும் எந்தத் தண்டும் இணைப்பதில்லை. ஒன்று லேசாக வழுக்கினாலோ, டயர் தேய்மானத்தில் சிறு வித்தியாசம் இருந்தாலோ அடிகள் விலகத் தொடங்கும். சற்று நேரம் இரண்டும் சேர்ந்து நான்கு பலத்த அடியாக விழும். மெல்லப் பிரிந்து எட்டாகச் சிதறும். மறுபடி வந்து சேரும். ஒரே ஒலித்துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் இது வராது. நான் முதலில் தேடுவது இதைத்தான்.

நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் ஒய்6பி என்ஜினுக்கும் இரண்டு ஜோடி சிலிண்டர்கள்தான். ஆனால் அது காம்பவுண்டு. பின் சிலிண்டர்களில் உழைத்த நீராவியே முன்னாலுள்ள பெரிய சிலிண்டர்களுக்குப் போய், அங்கிருந்துதான் புகைபோக்கிக்கு வருகிறது. வண்டியைக் கிளப்பும் நேரம் தவிர, கேட்பது நான்கு அடி மட்டுமே. எட்டு கேட்டால், பிக் பாயின் தொண்டையைக் கழற்றி இதற்கு மாட்டியிருக்கிறார்கள்.

வயோமிங்கின் ஷெர்மன் மலையில் ஏறும்போது கேஜ் கிளாஸில் (பாய்லரின் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய்) தண்ணீர் தாராளமாக இருந்தது. உச்சியைத் தாண்டியதும் மளமளவென்று இறங்கிவிட்டது. கேமில் பிழையா? – வாசகி, மதுரை

பிழையில்லை அம்மா. நல்ல ஆட்-ஆன் வாங்கியிருக்கிறீர்கள்! ஏற்றத்தில் தண்ணீர் பின்பக்கம், நெருப்பு எரியும் பெட்டியான ஃபயர்பாக்ஸ் மேல் போய்த் தேங்கும். கண்ணாடி பொய்யாக உயர்த்திக் காட்டும். மூக்கு கீழே சாய்ந்ததும் தண்ணீர் முன்னால் ஓடிவிடும். ஃபயர்பாக்ஸின் கூரைத் தகடு தண்ணீருக்கு வெளியே தலைகாட்டினால் அடியில் எரியும் நெருப்பு அதை இளக்கிவிடும். பாய்லர் அழுத்தம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். உச்சிக்கு முன்பே இன்ஜெக்டரைத் திறந்து தண்ணீர் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இது ஏதோ பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 1995 ஜூனில் பென்சில்வேனியாவில் கெட்டிஸ்பர்க் ரயில்வேயின் சுற்றுலா ரயிலை இழுத்த 1278 என்ற என்ஜினில் இதுவேதான் நடந்தது. தண்ணீர் குறைந்து கூரைத் தகடு சிதைந்தது. என்ஜினில் இருந்த மூவருக்கும் தீக்காயம். விசாரணையில், கேஜ் கிளாஸுக்குப் போகும் வழி உப்புப் படிவால் அடைபட்டிருந்தது தெரியவந்தது. கண்ணாடியை ஊதிவிட்டுப் பார்க்காமல் நம்பாதே என்று ஷெட்டில் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தது இதற்காகத்தான். டிரெயின் சிமுலேட்டர் கிளாசிக்கில் ஸ்மோக்பாக்ஸ் குழுவின் என்ஜின்கள் நெருப்பையும் தண்ணீரையும் நம் தலையில் கட்டுகின்றன. டீரெயில் வேலி (Derail Valley) கேமில் பாய்லர் வெடிக்கவே செய்யும். வரவேற்கிறேன்.

சரக்கு ரயிலில் இறக்கத்தில் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தப் பார்த்தால் முழுவதும் விட்டுவிடுகிறது. எரிச்சலாக இருக்கிறது. – வாசகர், ஈரோடு

அமெரிக்கச் சரக்கு வண்டியின் காற்று பிரேக் அப்படித்தான். போடுவதைப் படிப்படியாகப் போடலாம். விடுவது ஒரே மூச்சில். நம் பழைய வேக்குவம் பிரேக்கின் பழக்கம் அங்கே செல்லாது. விட்டுவிட்டு உடனே மறுபடி போட்டால், பெட்டிகளின் தொட்டியில் காற்று நிரம்பியிருக்காது. வண்டி உங்கள் கையை விட்டுப் போய்விடும். அந்தக் காலத்தில் பிரேக்மேன்கள் இறக்கத்துக்கு முன் பெட்டிக்குப் பெட்டி போய், பிரேக்கை விட்ட பிறகும் கொஞ்சம் காற்றைப் பிடித்துவைக்கும் ரிடெய்னர் வால்வைத் திருப்பிவைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிற பிரேக்கைக் கொடுக்கும் ஆட்-ஆன்தான் தப்பு.

பிக் பாயில் ஃபயர்மேன் மண்வெட்டியால் கரி போடும் காட்சியே இல்லையே! – வாசகர், நாகர்கோவில்

நெருப்புத் தட்டின் பரப்பு 150 சதுர அடி. எந்த மனிதர் அள்ளிப் போட்டுக் கட்டுப்படியாகும்? பின்னால் கரி சுமந்து வரும் டெண்டரிலிருந்து சுழல் திருகு கரியைக் கொண்டுவரும். நீராவி பீய்ச்சி அதைப் பரப்பும். 2019இல் மீண்டும் ஓடத் தொடங்கிய 4014 எண் பிக் பாய் இப்போது எண்ணெயில் எரிகிறது. அதில் கரியே கிடையாது.

உங்கள் நான்கு அடிக் கணக்கு நம்மூர் டபிள்யூ.பி. வகை நீராவி என்ஜினுக்கும் பொருந்துமா? – வாசகர், விழுப்புரம்

இன்னும் துல்லியமாகப் பொருந்தும். முதல் 16 டபிள்யூ.பி.க்களை 1947இல் கட்டியது அமெரிக்காவின் பால்ட்வின்தான். சக்கரம் 67 அங்குலம். கேமில் வேகம் கிலோமீட்டரில் காட்டினால், 19ஐத் தாண்டியதும் எண்ணத் தொடங்குங்கள்; நொடிக்கு நான்கு அடி விழ வேண்டும்.