கடலோர ஊரில் முதல்முறையாக நீர்க்குளிர்விப்புள்ள கேமிங் கணினி கட்டலாமா?

கேள்வி கேட்டவருக்கு வீடு குமரி மாவட்டத்து முட்டத்துக்கு அருகே, கடலோரத்தில் இருக்கிறது. இதுவரை ஒரு கணினியையும் தம் கையால் பூட்டிப் பார்த்ததில்லை என்கிறார். விளையாட்டுக்கென ஒரு கணினியைக் கட்டி, பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் நீரால் குளிர்விக்க விரும்புகிறார். முதல் முயற்சியிலேயே இதைச் செய்யலாமா, நம் ஊர் ஈரக்காற்றில் அது தாங்குமா, நீர் கசிந்தால் மொத்தமும் போய்விடுமா என்பவை அவருடைய கேள்விகள்.

செய்யலாம். நான் குளச்சல்காரன், நானும் முதல்முறையாகவே 2023-இல் செய்தேன், அந்தக் கணினியில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனையுடன்தான் இதைச் சொல்ல முடியும். முதலில் எல்லாப் பாகங்களையும் சாதாரண விசிறிக் குளிர்விப்பில் பூட்டி, குறைந்தது ஒரு மாதமாவது விளையாடிப் பாருங்கள். ரேமிலோ மதர்போர்டிலோ கார்டிலோ பிறவிக் கோளாறு இருந்தால் அது பெரும்பாலும் அந்த ஒரு மாதத்துக்குள் தெரிந்துவிடும். அப்போது நான்கு திருகுகளைக் கழற்றிக் கடைக்காரருக்குத் திருப்பி அனுப்பிவிடலாம். குழாய்கள் போட்டு நீர் நிரப்பிய பிறகு அதே கோளாறு தெரிந்தால், நீரை வடித்து, குழாயைக் கழற்றி, கார்டின் பழைய குளிர்விப்பியைத் திரும்பப் பூட்டி அனுப்ப வேண்டியிருக்கும். அதற்குள் மாற்றித் தரும் கெடு முடிந்திருக்கும். கார்டின் குளிர்விப்பியைக் கழற்றினால் உத்தரவாதம் நிற்குமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், வாங்குவதற்கு முன்பே அதை எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நீர் என்ன செய்கிறது என்பது தெளிவானால் பாதிக் குழப்பம் தீரும். நீர் வெப்பத்தை அழிப்பதில்லை. சிப்பின் மேல் பிறக்கும் வெப்பத்தை ரேடியேட்டர் வரை சுமந்து செல்கிறது, அங்கே விசிறி அதை அறைக் காற்றில் கலக்கிறது. ஆகவே எவ்வளவு செலவழித்தாலும் நீரின் வெப்பநிலை அறையின் வெப்பநிலைக்குக் கீழே இறங்காது. மொட்டைமாடிக்குக் கீழுள்ள என் அறையில் மே மாத நண்பகலில் 33 பாகை இருக்கும். அப்போது விளையாடினால் நீர் 43 பாகையில் நிற்கும். இதே காரணத்தால்தான் ஈரக்காற்றைப் பற்றிய உங்கள் முதல் அச்சம் தேவையற்றதாகிறது: காற்றிலுள்ள ஈரம் தன்னைவிடக் குளிர்ந்த பரப்பில்தான் துளியாகப் படியும், கணினி ஓடும்போது குழாயும், சிப்பின் மேல் அமர்ந்து அதன் வெப்பத்தை நீருக்குக் கடத்தும் பிளாக்கும் அறையைவிடச் சூடாகவே இருப்பதால் அவற்றின் மேல் வியர்க்க வழியில்லை.

நீர் முதலில் எந்தப் பாகத்துக்குப் போக வேண்டும் என்று புதியவர்கள் நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். என்னிடம் உள்ள ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசசரின் வெப்ப அளவு 120 வாட், ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ கார்டினுடையது 285 வாட். நிமிடத்துக்கு 4 லிட்டர் நீர் ஓடினால், இந்த 405 வாட்டும் சேர்ந்து ஒரு சுற்றில் நீரை ஏறத்தாழ ஒன்றரைப் பாகைதான் உயர்த்தும். எனவே குழாய் எந்த வழியில் குறைவாக வளைந்து போகிறதோ அந்த வழியிலேயே விடுங்கள். மாற்றக் கூடாத வரிசை ஒன்றே ஒன்றுதான்: நீர் தங்கும் தொட்டியான ரிசர்வாயர் பம்புக்கு மேலே, அதற்கு நேரடியாக நீர் இறங்கும்படி இருக்க வேண்டும். பம்பின் உள்ளே சுழலும் பாகத்துக்கு எண்ணெயும் குளிர்ச்சியும் அந்த நீர்தான்; வெறுமையாகச் சில நிமிடங்கள் ஓடினாலே அது தேய்ந்து கெட்டுவிடும்.

பணம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நீரால் உண்மையான பயன் பெறுவது கிராபிக்ஸ் கார்டுதான். விளையாடும்போது என் கார்டு விசிறியில் 76 பாகையில் இரைந்துகொண்டிருந்தது. நீரில் 54 பாகையில் சத்தமின்றி ஓடுகிறது. பிராசசரிலோ நான்கைந்து பாகைதான் குறைந்தது, ஏனெனில் அங்கே வெப்பம் மிகச் சிறிய சில்லிலிருந்து கிளம்பி, மேல்மூடியைக் கடந்துதான் நீரை எட்ட வேண்டியிருக்கிறது. பிராசசரை மட்டும் நீரில் குளிர்விக்கப் போகிறீர்கள் என்றால் நல்ல விசிறிக் குளிர்விப்பியோடு நின்றுவிடுங்கள் என்றே சொல்வேன். கார்டுக்கான பிளாக் வாங்கும்போது சிப்பின் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது. ஒரே சிப்பை வைத்து ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு அமைப்பில் பலகை செய்கிறது, பிளாக்கின் துளைகள் அந்தப் பலகைக்குத்தான் பொருந்தும். ரேடியேட்டரைப் பொறுத்தவரை, என்னுடைய 405 வாட்டுக்கு 360 மி.மீ. ஒன்றும் 240 மி.மீ. ஒன்றும் போட்டிருக்கிறேன், வெயில் காலத்திலும் விசிறியை விரட்ட வேண்டியிருக்கவில்லை.

இனி நான் செய்யவிருந்த பெரிய தவற்றைச் சொல்கிறேன். பிளாக் இரண்டும் செம்பில் வாங்கியிருந்தேன். ரேடியேட்டருக்கு மட்டும் இணையத்தில் பாதி விலையில் ஒன்று கிடைத்தது. விவரத்தில் உலோகத்தின் பெயர் இல்லை, நானும் கேட்கவில்லை. பொருள் வந்த அன்று, படகு எஞ்சின் பழுதுபார்க்கும் என் சித்தப்பா அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, எடை குறைவாக இருக்கிறதே, இது அலுமினியம்தானே என்றார். பிளாக்கையும் பார்த்தார். “மக்களே, செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணியில கெடந்தா ஒண்ணு மத்ததத் தின்னுரும்லா?” என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அவர் தொழிலில் இது அன்றாடப் பாடம். கடல்நீரில் கிடக்கும் எஞ்சினிலும் உந்துவிசிறித் தண்டின் பக்கத்திலும் துத்தநாகக் கட்டி ஒன்றைப் பூட்டி வைப்பார்கள். அரிப்பு மற்ற உலோகங்களை விட்டுவிட்டு அந்தக் கட்டியைத் தின்னும், கரைந்ததும் புதியதை மாற்றுவார்கள். கணினிக்குள் அந்த வேலையை நம் அலுமினிய ரேடியேட்டரே செய்ய நேரிடும். இரு வேறு உலோகங்கள், அவற்றை இணைக்கும் நீர், நீரில் சிறிதளவு உப்பு ஆகியவை சேர்ந்தால் ஒரு மின்கலம் உண்டாகிறது. அதில் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைக் கூழாகி நீரோடு கிளம்புகிறது. பிளாக்குக்குள் செம்புத் தகடுகளின் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால், அந்தக் கூழ் போய் அடைபடுமிடம் அதுதான். ரேடியேட்டரைப் பூட்டாமலேயே திருப்பி அனுப்பினேன். செம்பு, பித்தளை, நிக்கல் பூசிய செம்பு ஆகியவை ஒன்றாக இருக்கலாம். அலுமினியம் மட்டும் அவற்றோடு ஒரே நீரில் சேரவே கூடாது. வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் நீர் படும் பாகம் எந்த உலோகம் என்று கேளுங்கள். விற்பவர் சொல்லத் தெரியாமல் நின்றால் அந்தப் பொருளை விட்டுவிடுங்கள்.

நீரும் அதே கண்டிப்பைக் கேட்கிறது. கிணற்று நீர், குழாய் நீர், வீட்டு ஆர்.ஓ. நீர் எதுவும் வேண்டாம், ஆர்.ஓ. நீரிலும் கரைந்த உப்புகள் மிச்சம் இருக்கும். காய்ச்சி வடித்த நீரோடு, கணினிக்கென விற்கப்படும் பாசித் தடுப்பும் அரிப்புத் தடுப்பும் சேர்ந்த மருந்தைக் கலப்பது ஒரு வழி. இவை கலந்தே வரும் நிறமற்ற குளிர்விப்பு நீர், அதாவது கூலன்ட், இன்னொரு வழி. பால்போல் ஒளிபுகா நிறத்தில் வரும் கூலன்ட்கள் படத்தில் அழகாக இருக்கும், ஆனால் அந்த நிறத்தைத் தரும் துகள்கள் நாளடைவில் படிந்து பிளாக்கை அடைப்பதால் முதல் கணினிக்கு அவற்றைத் தவிர்க்கச் சொல்கிறேன். மின் கடத்தாத கூலன்ட் என்ற விளம்பரத்தையும் நம்பி இறங்காதீர்கள். புதிதாக ஊற்றும்போது அது உண்மையாக இருக்கலாம். உலோகத்தின் மேல் சில மாதங்கள் ஓடிய நீரும், வெளியே கசிந்து பலகையின் தூசியில் கலந்த நீரும் மின்சாரத்தைக் கடத்தும். புது ரேடியேட்டருக்குள் பற்றவைத்த பசையின் எச்சம் இருக்கும் என்பதால், வெதுவெதுப்பான வடித்த நீரை ஊற்றிக் குலுக்கி, வெள்ளைத் துணியில் கறை விழாதவரை அலச வேண்டும். எனக்கு ஏழு முறை ஆயிற்று.

குழாயில் மென்குழாயையே தேர்ந்தெடுங்கள். கண்ணாடி போன்ற கடினக் குழாயைச் சூடாக்கி வளைப்பது தனிக் கலை. அதை இரண்டாவது முறைக்கு வைத்துக்கொள்ளலாம். உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மி.மீ. உள்ள கறுப்பு ஈ.பி.டி.எம். ரப்பர் குழாய் எளிதில் மடங்கி அடைபடாது, வெளிச்சம் புகாததால் பாசியும் அரிது. குழாயைப் பாகங்களோடு இணைக்கும் ஃபிட்டிங்குகள் அனைத்தும் ஜி கால் அங்குல (G1/4) மரையில் வரும். இந்த இடத்தில் நம் வீட்டுக் குழாய் வேலையின் பழக்கம் கெடுதல் செய்யும். மரையில் வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது, ஸ்பானர் போட்டு முறுக்கவும் கூடாது. இங்கே நீரை நிறுத்துவது மரை அல்ல, அடியிலுள்ள ரப்பர் வளையம். விரலால் இறுகும் அளவே போதும், அதற்கு மேல் போனால் பிளாக்கின் அக்ரிலிக் மேல்பாகம் விரிசல் விடும். அக்ரிலிக்கை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாலும் விரிசல் வரும், ஈரத்துணியே போதுமானது. ஃபிட்டிங்கில் இரண்டைக் கூடுதலாகவே வாங்குங்கள். நமக்கு எல்லாமே கூரியரில் வர வேண்டியவை. ஒரே ஒரு ஃபிட்டிங் குறைந்ததால் ஆறு நாள் காத்திருந்தேன்.

கசிவைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது, அதற்கான விடையும் முழுமையானது: மின்சாரம் இல்லாத பலகையை நீர் கொல்வதில்லை. எனவே முதல் 24 மணி நேரம் பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். மதர்போர்டுக்கும் கார்டுக்கும் போகும் எல்லாக் கம்பிகளையும் கழற்றிவிட்டு, பவர் சப்ளையின் 24 முனை இணைப்பில் பச்சைக் கம்பியையும் ஏதேனும் ஒரு கறுப்புக் கம்பியையும் இணைத்தால் அது தனியே இயங்கும். எல்லாமே கறுப்பாக இருந்தால் 16-ஆவது, 17-ஆவது முனைகள். இதற்கென விற்கும் சிறு இணைப்பியை வாங்கிவிடுவது இன்னும் பாதுகாப்பானது. நீர் ஊற்றுவதற்கு முன் கைப்பம்பும் அழுத்தமானியும் கொண்ட சோதனைக் கருவியால் அரை பார் காற்றழுத்தம் ஏற்றி, அரை மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது மிக நல்லது. பிறகு ரிசர்வாயரை நிரப்புங்கள், பம்பைச் சில நொடிகள் ஓட்டுங்கள், நீர் கீழே இறங்கியதும் நிறுத்தி மறுபடி நிரப்புங்கள். கேபினெட்டை மெல்லச் சாய்த்துச் சாய்த்து உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். ஒவ்வொரு ஃபிட்டிங்குக்குக் கீழும் டிஷ்யூ காகிதம் வையுங்கள். எனக்கு ஆறாவது மணி நேரத்தில் கார்டுக்கு மேலிருந்த காகிதம் நனைந்திருந்தது. ரப்பர் வளையம் மரையில் நசுங்கியிருந்தது. துளிகள் பலகையின் மேலும் விழுந்திருந்தன. நீரை வடித்து, கார்டைக் கழற்றி, இரண்டு நாள் மின்விசிறியின் கீழ் உலர்த்தி, வளையத்தை மாற்றி, 24 மணி நேரக் கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அதே கார்டுதான் இன்றும் ஓடுகிறது.

கடலோர வீட்டில் உண்மையில் அஞ்ச வேண்டியது வெளியிலிருந்து வரும் உப்பு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மேற்குச் சன்னலின் இரும்புக் கம்பி எப்படித் துருவேறுகிறது என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த உப்புத் துகள்தான் விசிறி வழியாக ரேடியேட்டரின் இதழ்களிலும் மதர்போர்டிலும் படிந்து, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. கணினியைக் கடல் பார்த்த சன்னலுக்கு அருகே வைக்காதீர்கள். உள்ளிழுக்கும் விசிறிகள் வெளித்தள்ளுபவற்றைவிட ஒன்றாவது அதிகமாக இருக்கட்டும். அவை எல்லாவற்றுக்கும் வலைவடிகட்டி போட்டு, மாதம் ஒருமுறை கழுவிக் காயவைத்துப் பூட்டுங்கள். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் அணைத்தே வைக்காமல் அவ்வப்போது அரை மணி நேரம் ஓட விடுவது பாகங்களை உலர்வாக வைக்கும்.

நீரை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். இதற்காகக் கட்டும்போதே குழாய்வழியின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் வால்வு வைத்துவிடுங்கள். முதல் கட்டமைப்பில் அதை வைக்காமல், கசிந்த அன்று கேபினெட்டையே தலைகீழாகக் கவிழ்க்க வேண்டியிருந்தது.

உங்கள் கார்டின் பெட்டியில் உள்ள முழு மாடல் எண்ணையும் கேபினெட்டின் பெயரையும் தெரிவித்தால், எந்த பிளாக் பொருந்தும், எந்த அளவு ரேடியேட்டர் எங்கே உட்காரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.