பெருவிரலை மடக்கினால் சுட்டுவிரலும் மடங்குகிறது: மயக்கம் கொடுக்காமல் ஒப்பரேசன் செய்யலாமா?

செய்யலாம். என் வலது கைக்கு அப்படித்தான் செய்தார்கள். முழு மயக்கம்தான் பாதுகாப்பு என்று வீட்டில் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கோளாறுக்கு விழித்திருப்பதுதான் நல்லது என்பேன்.

தசைநாண் என்பது தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்றது. பெருவிரலை மடக்கும் தசைநாணும் சுட்டுவிரலின் ஆழமான தசைநாணும் தனித்தனியே ஓட வேண்டியவை. சிலருக்கு மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு நார் இரண்டையும் இணைத்திருக்கும். 1979இல் இதை விவரித்த லின்பேர்க், கொம்ஸ்டொக் என்ற வைத்தியர்கள் இருவரும் பார்த்தவர்களில் 31 வீதமானோருக்கு ஒரு கையிலாவது இது இருந்தது. அதனால் பயப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலானோருக்கு வெட்டத் தேவையே வராது. நான் யாழ்ப்பாணத்தில் தையல் வேலை செய்பவள். ஊசியைப் பிடித்தால் சுட்டுவிரல் கூடவே இழுபடும், நிமிர்த்தி வைத்தால் முன்கை வலிக்கும். ஓய்வுக்கும் பயிற்சிக்கும் அது அடங்கவில்லை.

வெட்டும் இடத்தை விறைக்க வைக்கும் லிக்னோகெயின் என்ற மருந்துடன் அட்ரினலின் கலந்து ஊசி போடுவார்கள். அட்ரினலின் இரத்தக்குழாய்களைச் சுருக்குவதால், இரத்தம் கசியாமல் இருக்க மேற்கையில் இறுக்கிக் கட்டும் பட்டி வேண்டாம். விரலுக்கு அட்ரினலின் போட்டால் விரலே போய்விடும் என்று மருத்துவர்களே நெடுங்காலம் பயந்தார்கள். கனடாவின் கை அறுவை வைத்தியர் டொனால்ட் லலோண்டின் குழு 2005இல் வெளியிட்ட, விரலிலும் கையிலும் அட்ரினலின் போட்டுச் செய்த 3110 சிகிச்சைகளில் ஒரு விரலும் போகவில்லை. ஊசி ஏறும்போது எரியும், அது உண்மை. பிறகு அரை மணிநேரம் போல காத்திருக்க வேண்டும். அதற்கப்புறம் தொடுவதும் இழுப்பதும் தெரியும், வலி தெரியாது.

விரலை மடக்கும் தசைகள் முன்கையில், விறைத்த இடத்துக்கு மேலே இருக்கின்றன. அதனால் விரல்கள் வேலை செய்யும். நாரை வெட்டியதும் வைத்தியர், "பெருவிரலை மட்டும் மடக்குங்கோ அம்மா" என்றார். மடக்கினேன். சுட்டுவிரல் இன்னும் கொஞ்சம் அசைந்தது. உள்ளே மெல்லிய இழையொன்று மிச்சம். அதையும் வெட்டிவிட்டு, "இப்ப பாப்பம்" என்றார். பெருவிரல் தனியே மடங்கியது, சுட்டுவிரல் நேராக நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மயங்கிக் கிடந்திருந்தால் அந்த மிச்ச இழையை நானே அசைத்துக் காட்டியிருக்க முடியுமா?

இருதய வருத்தமோ விரல்களில் இரத்தோட்டக் குறைவோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். எடுக்கும் மருந்துகளையும் மறைக்க வேண்டாம். கட்டுப் போட்ட பிறகு அவர்கள் சொன்னபடி விரல்களை அசையுங்கள். வலிக்குமே என்று அப்படியே வைத்திருந்தால் வெட்டிய இடம் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.