கூரைக்குள் வௌவால் இருக்கிறது, வேலையைத் தொடங்கலாமா?

வீடு புதுப்பிப்பவர்கள், நிலத்துக்குப் பக்கத்தில் கட்டுமானம் வரப்போகிறதே என்று கவலைப்படுபவர்கள், குத்தகை எடுத்து வேலை செய்பவர்கள் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வௌவால் ஆய்வு செய்து பழகியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

லெஸ்டரில் இருக்கும் என் தம்பி கூரையைப் பிரிக்கும் முன் வௌவால் ஆய்வு செய்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பல மாதம் காத்திருந்தான். நாங்கள் செந்தூலில் பழைய வரிசை வீட்டுக்குக் கூரை மாற்றப் போகிறோம். ஓட்டுக்கடியில் வௌவால் சத்தம் கேட்கிறது. இங்கேயும் அப்படி விதி உண்டா? (வாசகி, செந்தூல்)

இல்லை அம்மா. பிரிட்டனில் எல்லா வௌவால் இனங்களுக்கும் பாதுகாப்பு உண்டு. அவை தங்கும் இடத்துக்கும் உண்டு. வௌவால் வெளியே போயிருக்கும் மாதத்தில்கூட அந்த இடத்தைக் கலைக்கக் கூடாது. மாலையில் வெளியேறுவதை எண்ணும் ஆய்வை அங்கே மே முதல் செப்டம்பர் வரைதான் செய்வார்கள். உங்கள் தம்பி காத்திருந்தது அதற்காகத்தான் இருக்கும்.

தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அதை அமல்படுத்துகிறது. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள். நம் சட்டம் இனங்களைப் பட்டியலிட்டுக் காக்கிறது. வீட்டுக்கூரை மாற்ற வௌவால் ஆய்வு வேண்டும் என்ற பொது விதி இங்கே கிடையாது. ஆனால் பட்டியல் அரசிதழ் வழியாக மாறும். 2022 திருத்தத்துக்குப் பிறகு தண்டனையும் கடுமையாகிவிட்டது. அதனால் ஒரு படம் எடுத்துப் பெர்ஹிலித்தானிடம் காட்டி, இது எந்த இனம், எந்தப் பட்டியல் என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

சட்டம் கேட்காவிட்டாலும் ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். சூரியன் மறைவதற்குக் கால் மணி நேரம் முன்பு, வீட்டின் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். ஒன்றரை மணி நேரம் போதும். எந்த இடுக்கிலிருந்து வருகின்றன, எத்தனை வருகின்றன என்று எழுதிவையுங்கள். எல்லாம் பறந்த பிறகும் உள்ளே கீச்சுச் சத்தம் கேட்டால், பறக்கத் தெரியாத குட்டிகள் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள். வௌவால் பெரும்பாலும் ஒரு தடவைக்கு ஒரே குட்டிதான் போடும்; இழந்தால் ஈடுகட்ட வெகு காலம் ஆகும். நான் ஆலோசனை சொன்ன ஒரு வீட்டில், நான் மறுபடி வருவதற்குள் ஆட்கள் இரவோடு இரவாக இடுக்கைச் சிமெண்டு வைத்து அடைத்துவிட்டார்கள். தாய்கள் வெளியே, குட்டிகள் உள்ளே. மூன்றாம் நாள் நாற்றம் தாங்காமல் சீலிங்கைப் பிரித்தார்கள். அன்று பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

குட்டி இல்லை என்று உறுதியானால், வெளியேறும் இடுக்கின் மேல் மெல்லிய வலையைத் தொங்கவிட்டுக் கீழ்ப்பக்கம் திறந்து வையுங்கள். வௌவால் நழுவி வெளியே போகும், திரும்ப நுழையத் தெரியாது. ஒரு வாரம் கழித்து இடுக்கை அடையுங்கள். அந்துருண்டை, கந்தகப் புகை எதுவும் வேண்டாம். எச்சத்தை அள்ளும்போது தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த எச்சத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம்.

கார் போர்ச் சுவரெல்லாம் தினமும் பழச்சக்கை, கொட்டை, கறை. வௌவால் குடியேறிவிட்டதா? (வாசகர், ஆயர் ஈத்தாம்)

குடியேறவில்லை. பக்கத்தில் செரி மரமோ ஜம்பு மரமோ இருக்கும். சிறிய பழந்தின்னி வௌவால் பழத்தைக் கவ்விக்கொண்டு உங்கள் போர்ச்சில் தொங்கி, சாறு உறிஞ்சிச் சக்கையைத் துப்பிவிட்டுப் போகிறது. பகலில் அது ஏதாவது பனை ஓலைக்கடியில் தூங்கும். அது தொங்கும் மூலையில் விளக்கைப் போட்டுவையுங்கள், அல்லது நெகிழித் தோரணம் கட்டுங்கள். பழம் முடிந்தால் அதுவும் வேறிடம் போய்விடும்.

ஜார்ஜ்டவுனில் தாத்தா காலத்துக் கடைவீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறோம். மாடியில் பறப்பது வௌவாலா, பறவைக்கூட்டுக் குருவியா என்றே தெரியவில்லை. (வாசகர், பினாங்கு)

குருவி விடியலில் கிளம்பி அந்தியில் கூடு திரும்பும். வௌவாலுக்கு நேர்மாறு. 2008 முதல் உலகப் பாரம்பரியப் பகுதியாக இருக்கும் இடத்தில் உங்கள் வீடு இருந்தால், கூரை, ஓடு, காற்றுமாடம் எதைத் தொடவும் மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். அந்த வரைபடம் தயாராகும்போதே வௌவால் தங்கும் மூலையையும் குறித்துவிடுங்கள். வேலை பாதியில் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

எங்கள் டுரியான் தோட்டத்துக்கு மேலே மலைச்சரிவில் வீடமைப்புத் திட்டம் வரப்போகிறது. சுற்றுச்சூழல் அறிக்கையில் வௌவால் மூன்று இனம் என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். சாயங்காலம் எங்கள் தோட்டத்தில் பறப்பது அவ்வளவுதானா? (வாசகர், பாலிக் புலாவ்)

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி. அந்த எண்ணை நான் நம்பமாட்டேன். மலேசியாவில் 130-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் இருக்கின்றன. காட்டை ஒட்டிய மலைச்சரிவில் மூன்றுதான் கிடைத்தது என்றால், தேடிய விதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அறிக்கையின் பின்னிணைப்பைப் புரட்டுங்கள். எத்தனை இரவு, எந்த மாதம், மழை பெய்ததா, எந்தக் கருவி என்று தேடுங்கள். பேட் டிடெக்டர் மட்டும் வைத்திருந்தால் அது அரை ஆய்வு. அந்தக் கருவி நம் காதுக்கு எட்டாத ஒலியைப் பிடிக்கும். பூச்சி தின்னும் வௌவால்கள்தான் அப்படி ஒலி எழுப்பி வழி தேடுகின்றன. பழமும் தேனும் தின்பவை பெரும்பாலும் கண்ணாலும் மூக்காலும் வழி கண்டுபிடிப்பவை. கருவிக்கு அவை இல்லாதது போலவே இருக்கும். உங்கள் டுரியானுக்கு வேண்டியவையோ அவைதான். அவற்றைப் பிடித்துப் பார்க்க மெல்லிய வலை விரிக்க வேண்டும். காட்டுக்குள் தாழப் பறக்கும் பூச்சியுண்ணிகளுக்கு ஹார்ப் டிராப் என்ற நரம்புப் பொறி வேண்டும். இரண்டையும் வைக்கப் பெர்ஹிலித்தான் அனுமதி வேண்டும். அந்த அனுமதி எண் அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வலை உண்மையாகவே விரிக்கப்பட்டது என்று ஓரளவு நம்பலாம்.

டுரியான் பூ சாயங்காலம் விரிந்து இரவில் தேன் சுரக்கும். விடியும்போது மகரந்தப் பை உதிர்ந்துவிடும். அந்த ஓரிரவுக்குள் வந்து போகும் முக்கிய விருந்தாளி குகைத் தேன் வௌவால். பத்துமலைக் குகையில் தங்கும் இந்த இனம் கடலோரத்து பெரெம்பாங் மரங்களைத் தேடி 30 கிலோமீட்டருக்கு மேல் பறந்து போவதை ஆய்வாளர்கள் அந்தக் காலத்திலேயே கண்டறிந்திருக்கிறார்கள். பெத்தாய் பூவுக்கும் இதுதான் வரும். அதனால் திட்ட நிலத்துக்குள் குகை இல்லை, தங்குமிடம் இல்லை என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். உங்கள் தோட்டத்துக்கு வரும் வௌவால் எந்த வழியாக வருகிறது, அந்த வழியில் இருக்கும் மரங்கள் போகுமா என்று கேளுங்கள். பூக்கும் காலத்தில் ஆய்வு நடந்ததா என்றும் கேளுங்கள். நீங்களே மாலையில் மரத்தடியில் நின்று தேதி போட்டு, படம் எடுத்து வைத்தால் உங்கள் வார்த்தைக்கு எடை கூடும்.

பினாங்கில் 76 மீட்டருக்கு மேலான நிலமும் 25 பாகைக்கு மேலான சரிவும் மலைநிலமாகக் கருதப்படுகின்றன. அங்கே கட்டுவதற்குக் கட்டுப்பாடு அதிகம். திட்டம் அந்த அளவில் வருகிறதா என்று முதலில் சரிபாருங்கள். அப்புறம், உள்ளூர்த் திட்டம் அரசிதழில் வராத இடமாக இருந்தால், 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி பக்கத்து நில உரிமையாளருக்கு அறிவிப்பு வர வேண்டும். அது கைக்கு வந்த 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். சுற்றுச்சூழல் அறிக்கை, சுற்றுச்சூழல் மதிப்பீட்டு ஆணையின் இரண்டாம் அட்டவணையைச் சேர்ந்ததாக இருந்தால் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். அப்போதும் கருத்து எழுதலாம். வௌவால் பாவம் என்று எழுதினால் கோப்பில் போய்த் தூங்கும். "பக்கம் இத்தனையில் வலை விரித்த இரவுகள் குறிப்பிடப்படவில்லை" என்று எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும்.

காண்டோவில் 11-ஆவது மாடிக்கு ஒரு வௌவால் வந்துவிட்டது. நிப்பா கிருமி பயமாக இருக்கிறது. (வாசகி, பிரிக்பீல்ட்ஸ்)

1998–99-இல் அந்த நோய் 105 பேரைக் கொண்டுபோனது. பயம் வருவது இயல்பு. ஆனால் அன்று பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிப் பண்ணைகளுக்குப் போய், பன்றிகள் வழியாகத்தான் மனிதருக்கு வந்தது. உங்கள் வீட்டு விளக்கைச் சுற்றுவது பெரும்பாலும் பூச்சி தேடி வந்த சின்ன வௌவால். விளக்கை அணைத்து, சன்னலை அகலத் திறந்து, அறைக்கதவைச் சாத்திவிடுங்கள்; தானே போய்விடும். வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

நான் மரம் வெட்டும் குத்தகையாளன். ஒரு நிலத்தில் பெரிய மரங்களில் கெலுவாங் என்ற பெரிய பழந்தின்னி வௌவால் கூட்டமாகத் தொங்குகிறது. சீக்கிரம் வெட்டச் சொல்கிறார்கள். பின்னால் பிரச்சினை வந்தால் என் தலையிலா விழும்? (வாசகர், செபராங் பிறை)

உங்கள் தலையிலும் விழும் தம்பி. முதலாளி சொன்னார் என்பது சட்டத்தின் முன் உங்களைக் காப்பாற்றாது. இரண்டு தாள் கேளுங்கள். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டும் மரத்தை வெட்ட உள்ளூர் மன்றத்தின் எழுத்து அனுமதி வேண்டும். காய்ந்த மரம், ஆபத்தான மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. இன்னொன்று, கெலுவாங் இருப்பதைத் தெரிவித்துப் பெர்ஹிலித்தான் கொடுத்த பதில். அந்த இரண்டும் வரும்வரை ரம்பத்தை லோரியிலேயே வைத்திருங்கள். இன்று சாயங்காலம் அவை பறக்கும்போது எண்ணிப் பார்த்து, காணொளி எடுத்து, உங்களை அமர்த்தியவருக்கும் அனுப்பிவையுங்கள். நாள் தள்ளிப் போகிறது என்று அவர்கள் கோபித்தால், தள்ளச் சொன்னதை எழுத்தில் கொடுங்கள், வெட்டச் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள்.