கேட்டீங்க, சொல்றோம்: மூளை நியூரானும் மெஷின் நியூரானும்

இந்த தடவை வந்த கேள்வில நெறைய மூளை, ஏஐ பத்தியேதானுங்க இருந்துச்சு, அதனால மத்ததையெல்லாம் அடுத்த இதழுக்கு எடுத்து வெச்சுட்டு இதுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கேன். நியூரான்னா மூளைல இருக்குற நரம்பு செல்லுங்க, அதோட பேரைத்தான் மெஷின்லயும் வெச்சிருக்காங்க.

கேள்வி: எங்க பனியன் கம்பெனில துணி செக் பண்ண கேமரா வெச்ச மெஷின் எறக்கியிருக்காங்க. ஊசிக்கோடு, ஓட்டை, எண்ணெய் கறை எல்லாத்தையும் அதுவே புடிச்சு நிறுத்துது. மனுஷ மூளை மாதிரியே நியூரல் நெட்வொர்க்னு சொல்றாங்க. நெசமாவே மூளை மாதிரிதானா? அதுக்கு யார் சொல்லிக் குடுத்தாங்க?
(செக்கிங்ல வேலை பாக்கும் வாசகி, திருப்பூர்)

பதில்: கடைசில கேட்டதுக்கு முதல்ல சொல்லிர்றேன் அம்மிணி. சொல்லிக் குடுத்தது உங்கள மாதிரி செக்கிங்ல நின்னவங்கதான். ஆயிரக்கணக்குல துணி போட்டோ எடுத்து, இது நல்ல துணி, இது ஊசிக்கோடு, இது லைக்ரா நூல் அறுந்தது, இது ஓட்டைன்னு ஒவ்வொண்ணுக்கும் பேர் போட்டு குடுத்தாதான் அது கத்துக்கும், அந்த பேரை போடறதுக்கு எது தப்பு எது தப்பில்லைன்னு தெரிஞ்ச கண்ணு வேணுமில்லீங்களா. வருஷக்கணக்கா லைட்டு டேபிள் முன்னாடி நின்னு பழகின கண்ணுதான் அதுக்குள்ள போயிருக்கு, இதை யாரும் வெளிய சொல்றதில்லை, சொல்லணும்னு நான் நெனைக்கிறேன்.

இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு பாக்கலாம். கேமராவுக்கு துணின்னு ஒண்ணும் தெரியாது, நம்பர்தான் தெரியும். படத்துல ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சத்தை பொறுத்து 0ல இருந்து 255 வரைக்கும் ஒரு நம்பர். அந்த நம்பரெல்லாம் மெஷினுக்குள்ள இருக்குற நியூரானுக்கு போகும். அந்த நியூரான்ங்கறது பொருள் ஒண்ணும் இல்லீங்க, ஒரு கணக்குதான். நம்ம பக்கம் ஒரு வரன் பேசி முடிக்கிறதை நெனைச்சுக்கங்க, ஊட்ல எல்லாரும் ஒவ்வொண்ணு சொல்வாங்க, ஆனா எல்லார் பேச்சுக்கும் ஒரே மதிப்பு கெடையாது, அப்புச்சி சொன்னா அது பெருசு, சித்தப்பா சொன்னா கொஞ்சம், ஒருத்தர் இருப்பாரு அவரு நல்ல எடம்னு சொன்னாலே மத்தவங்களுக்கு சந்தேகம் வந்துரும், எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சு ஒரு அளவை தாண்டுச்சுன்னா தட்டு மாத்திக்குவாங்க, தாண்டலைன்னா ஜாதகம் பொருந்தலைன்னு சொல்லி விட்டுருவாங்க. மெஷின் நியூரானும் அதேதான், வர்ற ஒவ்வொரு நம்பரையும் அதுக்குன்னு இருக்குற மதிப்பால (இதுக்குத்தான் வெயிட்டுன்னு பேரு) பெருக்கி, கூட்டி, அளவை தாண்டுச்சுன்னா அடுத்த அடுக்குல இருக்குற நியூரானுங்களுக்கு தள்ளி விடும்.

மொதல்ல அந்த வெயிட்டெல்லாம் குத்துமதிப்பா ஏதோ ஒண்ணு இருக்கும். ஊசிக்கோடு விழுந்த துணியை காட்டுனா நல்ல துணின்னு சொல்லும். சரியான பதிலுக்கும் அது சொன்னதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு கணக்கு போட்டு, அந்த வித்தியாசத்தை கடைசி அடுக்குல இருந்து பின்னாடியே கொண்டு போய், தப்புக்கு எந்த வெயிட்டுக்கு எவ்வளவு பங்கு இருக்கோ அந்த வெயிட்டை அதுக்கு தக்கன துளி ஏத்தி எறக்குவாங்க. இதுக்கு பேக்ப்ராப்பகேஷன்னு பேரு, 1986ல ரூமல்ஹார்ட், ஹிண்டன், வில்லியம்ஸ் மூணு பேரும் எழுதின கட்டுரைக்கு அப்புறம்தான் இது நாலா பக்கமும் பரவுச்சு. ஒரு படத்துக்கு ஒரு துளி, அப்படியே லட்சக்கணக்கான தடவை. ஊசிக்கோடுன்னா என்னன்னு ஒரு வரி கூட யாரும் எழுதி வெக்கிறதில்லை, வெயிட்டு மாறி மாறி அதுவா வந்து சேருது.

மூளை மாதிரியான்னு கேட்டீங்கல்ல, ஒரு எடத்துல நெசமாவே மூளைல இருந்து எடுத்ததுதான். ஹ்யூபெல், வீசல்னு ரெண்டு பேரு 1950கள் கடைசில பூனையோட மூளைல பார்வைக்கான பகுதில மெல்லிசா ஒரு கம்பியை வெச்சு, ஸ்லைடுல கரும்புள்ளி காட்டி காட்டி பாத்தாங்க. புள்ளிக்கு அந்த நியூரான் அசையவே இல்லை. ஸ்லைடை மாத்தும்போது கண்ணாடியோட ஓரம் திரைல ஒரு கோடா நகந்துச்சு பாருங்க, அப்ப படபடன்னு அடிச்சுது. ஒவ்வொரு நியூரானும் ஒரு சாய்வுல இருக்குற கோட்டுக்குத்தான் பதில் சொல்லுதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது, 1981ல நோபல் பரிசு வந்துச்சு. அதைப் பாத்து ஜப்பான்ல ஃபுகுஷிமா 1980ல ஒரு நெட்வொர்க் பண்ணாரு, லெகுன் 1989ல கையெழுத்துல இருக்குற பின்கோடை படிக்க வெச்சாரு, உங்க மெஷின் அந்த வம்சம்தான். அதோட மொத அடுக்கு கத்துக்கறதும் வெறும் கோடும் ஓரமும்தான், ஊசி கெட்டா துணி நெட்டுக்க கோடு விழும், லைக்ரா போனா குறுக்கால தெரியும், அது அங்கயே மாட்டிக்கும்.

ஆனா புது டிசைன், புது கலர், இதுவரைக்கும் காட்டாத ஒரு தப்பு வந்துச்சுன்னா அதுக்கு தெரியாது, தெரியலைன்னும் சொல்லாம நல்ல துணின்னு விட்டுர வாய்ப்பு ஜாஸ்தி. அதனால மெஷின் வந்த அன்னைக்கே செக்கிங் ஆளுங்களை நிறுத்துற கம்பெனிக்காரங்க கொஞ்சம் யோசிக்கணும்.

கேள்வி: நியூரான்ல கரண்ட் போகுதுன்னு பாடத்துல இருக்கு. அப்ப நமக்கு ஏன் ஷாக் அடிக்கறதில்லை?
(பத்தாம் வகுப்பு மாணவன், கோபி)

பதில்: நல்ல கேள்வி கண்ணு. ஒயர்ல போற கரண்டு வேற, இது வேற. நியூரானுக்கு வெளிய சோடியம் ஜாஸ்தி, உள்ள பொட்டாசியம் ஜாஸ்தி, அப்படியே இருக்கறதுக்கு செல் சுவத்துல ஒரு பம்ப் 3 சோடியத்தை வெளிய தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ள இழுத்துட்டே இருக்கும். சும்மா இருக்கறப்ப உள்பக்கம் வெளிய விட சுமார் 70 மில்லிவோல்ட் கம்மி. மத்த நியூரானுங்க தூண்டி விட்டு அந்த வித்தியாசம் 55 மில்லிவோல்ட் கிட்ட கொறைஞ்சுச்சுன்னா சோடியம் கதவு படார்னு தெறந்து உள்ள கொட்டும், ஒரு மில்லி செகண்ட்ல ஏறி எறங்கிரும், அந்த துடிப்பு பக்கத்து கதவை தெறக்க, அது அதுக்கு பக்கத்துல இருக்குறதை தெறக்க, அப்படியே நியூரானோட நீளமான வால் (ஆக்ஸான்) வழியா நகரும். ஊட்ல வர்ற கரண்டு 230 வோல்ட், இது ஒரு வோல்ட்ல பத்துல ஒரு பங்கு, அதுவும் செல்லோட சுவத்துக்கு உள்ளயும் வெளியயும் மட்டும்தான். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி ரெண்டு பேரும் கணவாய் மீனோட தடிச்ச நரம்பு இழைல இதை அளந்து 1952ல கணக்கா எழுதினாங்க.

இன்னொண்ணு, நீயே பாத்துக்கலாம். வாசப்படில கால் வெரல் இடிச்சா மொதல்ல சுரீர்னு ஒண்ணு, கொஞ்ச நேரம் கழிச்சு விண்ணு விண்ணுன்னு ஒரு வலி வரும் பாரு, ரெண்டும் வேற வேற நரம்புல வருது. மொத வலி கொண்டு வர்றதுக்கு மயலின்னு ஒரு கொழுப்பு உறை இருக்கு, செகண்டுக்கு 5 மீட்டருக்கு மேல ஓடும். ரெண்டாவதுக்கு உறை இல்லை, செகண்டுக்கு 1 மீட்டர் அளவுலதான் வரும். கால்ல இருந்து வர்றதால அந்த இடைவெளி நமக்கே தெரியுது.

ஒரு நியூரானுக்கும் அடுத்த நியூரானுக்கும் நடுவுல துளி சந்து இருக்கு, ஒரு மில்லிமீட்டரை 50,000 பங்கு போட்டா ஒரு பங்கு அளவு. அதுக்குள்ள பெரும்பாலும் கரண்டு தாண்டாது, ரசாயனம்தான் தாண்டும். குளூட்டமேட் வந்தா அடுத்ததை தூண்டி விடும், காபா வந்தா அடக்கும்.

கேள்வி: மூளைல 10 சதவீதம்தான் நாம பயன்படுத்துறோமாமே?
(வாசகர், தாராபுரம்)

பதில்: பொய்ங்க. ஒடம்பு எடைல மூளை 2 சதவீதம்தான், ஆனா ஒடம்பு செலவு பண்ற சக்தில 20 சதவீதம் அதுக்கே போகுது. மீதி 90 சதவீதம் சும்மா கெடந்தா இவ்வளவு தீனி எதுக்கு. 8,600 கோடி நியூரான் இருக்கு, தூங்கும்போது கூட வேலை நடக்குது. அந்த 90 சதவீதத்தை தெறந்து விடறோம்னு காசு கேட்டு யாராவது குழந்தைங்க வகுப்புக்கு கூப்பிட்டா போகாதீங்க.

கேள்வி: அப்பாவுக்கு பக்கவாதம் வந்து மூணு மாசம் ஆச்சு, வலது கை சரியா வர்றதில்லை. மஞ்சக்காட்டுலயே இருந்த மனுஷன், இப்ப திண்ணைல உக்காந்துட்டு இனி அவ்வளவுதான்னு சொல்றாரு. டாக்டர் திரும்ப திரும்ப பயிற்சி பண்ணா மூளைல புது இணைப்பு வரும்னு சொல்றாரு. ஆறுதலுக்கு சொல்றாரா, நெசமா?
(வாசகி, மொடக்குறிச்சி)

பதில்: நெசம்தானுங்க. செத்துப்போன நியூரான் திரும்ப வராது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனா கை அசைக்கிற வேலை ஒரே ஒரு செல்லுல எழுதி வெச்சதில்லை, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல இருக்குற இணைப்போட பலத்துலதான் இருக்கு. சேந்தாப்புல வேலை செய்யுற நியூரானுங்களோட இணைப்பு பலப்படும்னு டொனால்ட் ஹெப் 1949லயே எழுதினாரு. 1973ல ப்ளிஸ், லோமோன்னு ரெண்டு பேரு முயல் மூளைல ஒரு பாதையை வேகமா தூண்டி விட்டு பாத்தப்ப, அந்த இணைப்பு அதுக்கப்புறம் மணிக்கணக்கா பலமாவே இருந்துச்சு. சுத்தி உசுரோட இருக்குற பகுதி அந்த வேலைய கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கறது இப்படித்தான்.

அதனால கை பயன்படுத்தணும், வேற வழி இல்லை. நல்ல கையாலயே எல்லாத்தையும் பண்ணி பழகிட்டாருன்னா வலது கைக்கான எடம் இன்னும் சுருங்கிரும், அதுக்குத்தான் சில பேருக்கு நல்ல கையை உறை போட்டு கட்டி வெச்சு மோசமான கையால பண்ண வெக்கிற வைத்தியமே இருக்கு, பிசியோதெரபிஸ்ட்டை கேட்டுட்டு செய்யுங்க, நீங்களா கட்டிராதீங்க. வெறுமனே கையை தூக்கி எறக்கறதை விட அவருக்கு பழகின வேலையா குடுங்க. மஞ்ச கெழங்கை ஒரு மொறத்துல கொட்டி விரலி தனியா குண்டு தனியா பொறுக்க சொல்லுங்க, மொத நாள் நாலு பொறுக்கினாலும் போதும். மொத சில மாசத்துல முன்னேற்றம் வேகமா இருக்கும், அப்புறம் மெதுவாகும், அதுக்காக நின்னு போச்சுன்னு அர்த்தமில்லை. அவ்வளவுதான்னு அவர் சொல்றதை மட்டும் ஒத்துக்காதீங்க.

மத்தவங்களுக்கும் சேத்து சொல்றேன், வாய் கோணினா, ஒரு கை தொங்கினா, பேச்சு கொழறினா விடியட்டும் பாக்கலாம்னு இருக்காதீங்க, உடனே 108க்கு அடிங்க. ரத்தக்கட்டியா இருந்தா அதை கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும், ஸ்கேன் எடுத்துத்தான் போட முடியும், அந்த நேரமும் சேந்துக்கும். பெரிய ரத்தக்குழாய் அடைச்சா நிமிஷத்துக்கு 19 லட்சம் நியூரான் போகுதுன்னு கணக்கு போட்டிருக்காங்க.

கேள்வி: ஏஐ பாடத்துல பெர்செப்ட்ரான், எக்ஸ்ஆர் பிரச்சனைன்னு வருது. ஒரு சின்ன கணக்கு வரலைங்கறதுக்கு ஏன் அவ்வளவு பெரிய பேச்சு? மூளையும் பேக்ப்ராப்பகேஷன்தான் பண்ணுதா?
(இன்ஜினியரிங் மாணவி, பீளமேடு)

பதில்: மாடிப்படி லைட்டுக்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணு சுவிட்ச் இருக்குமில்லம்மா, ரெண்டுல ஒண்ணு மட்டும் போட்டா எரியும், ரெண்டும் போட்டா அணையும், அதுதான் எக்ஸ்ஆர். மெக்கல்லாக், பிட்ஸ் 1943ல நியூரானை கணக்கா எழுதினாங்க, ரோசன்பிளாட் 1958ல கத்துக்கற மாதிரி பெர்செப்ட்ரான்னு கொண்டு வந்தாரு, அவரோட மெஷினுக்கு கண்ணு 400 ஒளி செல். 1969ல மின்ஸ்கியும் பேப்பர்ட்டும் ஒரே அடுக்கு இருந்தா எக்ஸ்ஆர் வரவே வராதுன்னு காட்டினாங்க, ஒரே ஒரு கோடு இழுத்து பிரிக்க முடியாத கணக்கு அது. நடுவுல ஒரு அடுக்கு போட்டா வந்துரும், ஆனா நடு அடுக்கை எப்படி கத்துக்க வெக்கறதுன்னு அப்ப நல்ல வழி இல்லை, அதனால பணமும் ஆர்வமும் குறைஞ்சு போச்சு.

எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் இதுக்கப்புறம்தான். 2020ல மனுஷ மூளைல இருந்து ஆபரேஷன்ல எடுத்த திசுவை வெச்சு ஜெர்மனில பாத்தாங்க. நியூரானுக்கு கிளை கிளையா இருக்குமே டெண்ட்ரைட், அதுல ஒரு தூண்டல் வந்தா துடிக்குது, ரெண்டு சேந்து ஜாஸ்தியா வந்தா துடிப்பு கம்மியாகுது. மெஷினுக்கு ஒரு அடுக்கு முழுசா போட்டும் வராத எக்ஸ்ஆரை நம்ம நியூரானோட ஒரு கிளையே பண்ணிருது! அடுத்த வருஷமே இன்னொரு குழு, எலி மூளையோட ஒரே ஒரு நியூரான் செய்யறதை மெஷின்ல கொண்டு வர 5ல இருந்து 8 அடுக்கு வேணும்னு காட்டுச்சு. அதனால ரெண்டுக்கும் நியூரான்னு ஒரே பேர் வெச்சுட்டு எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டு, இதோ மூளையை தாண்டிருச்சுன்னு எழுதறதெல்லாம் தப்பான கணக்கு.

பேக்ப்ராப்பகேஷன் அப்படியே மூளைல நடக்கறதா யாரும் காட்டினதில்லை. மெஷின்ல தப்போட கணக்கு அதே வெயிட்டு வழியா பின்னாடி வரணும், நம்ம நியூரானோட வால்ல துடிப்பு முன்னாடி மட்டும்தான் போகும், ஃப்ரான்சிஸ் கிரிக் 1989லயே இதை எடுத்து கேட்டாரு. ரெண்டுக்கும் பொது என்னன்னா, கத்துக்கறதுன்னா இணைப்போட பலம் மாறறது, அதுதான். மாறற விதம் வேற.

கேள்வி: ஏஐ கிட்ட தமிழ்ல கேட்டா தமிழ்லயே பதில் சொல்லுது. அதுக்கு புரியுதுங்களா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், நாமக்கல்)

பதில்: ஐயா, அது இதுவரைக்கும் வந்த வார்த்தையை வெச்சு அடுத்து என்ன வரும்னு கணக்கு போடுது, 2020ல வந்த ஜிபிடி-3ங்கற ஏஐக்கே 17,500 கோடி வெயிட்டு. அவ்வளவு நல்லா கணிக்கணும்னா உள்ள ஏதோ ஒரு வகைல விஷயத்தை அடுக்கி வெச்சிருக்கணும், அதனால வெறும் கிளிப்பேச்சுன்னு ஒதுக்கவும் மாட்டேன், நம்மள மாதிரி புரியுதுன்னும் சொல்ல மாட்டேன். அதுக்கு பசிச்சதில்லை, தவறி விழுந்ததில்லை. நீங்க பேசி முடிச்சப்புறம் அதோட வெயிட்டு பொதுவா ஒண்ணு கூட மாறி இருக்காது, ஆனா உங்க மூளைல அந்த பேச்சுக்கே எங்கயோ இணைப்பு மாறியிருக்கும். புதுசா ஒண்ணை மட்டும் போட்டு பயிற்சி குடுத்தா பழசை மொத்தமா மறக்கற கோளாறும் இந்த நெட்வொர்க்குங்களுக்கு உண்டு. இதையெல்லாம் நம்ம மூளை 20 வாட்ல சமாளிக்குது, ஒரு எல்இடி டியூப்லைட் இழுக்குற அளவு.

கேள்வி: பிளஸ் டூல எந்த குரூப் எடுத்தா மூளை பத்தி படிக்கலாம்?
(மாணவி, பெருந்துறை)

பதில்: பயாலஜியும் கணக்கும் சேந்த குரூப்பா எடு கண்ணு, இந்த துறைக்கு ரெண்டும் வேணும். சென்னை ஐஐடில மூளை ஆராய்ச்சி மையம் இருக்கு, அங்க கருவுல இருக்குற குழந்தையோட மூளையை மெல்லிசா 5,132 சீவலா படம் புடிச்சு 2024 டிசம்பர்ல வெளியிட்டிருக்காங்க, தரணின்னு பேரு, நெட்ல யார் வேணாலும் காசில்லாம பாக்கலாம். ஈரோட்டுல ரயில் ஏறினா பெங்களூர் போயிரலாம், அங்க நிம்ஹான்ஸ்ங்கற மூளை, மனநல ஆஸ்பத்திரில மூளை மியூசியம் இருக்கு, உண்மையான மனுஷ மூளையை தொட்டுப் பாக்கவே விடுவாங்க. போறதுக்கு முன்னாடி தெறந்திருக்குற நாளை கேட்டுக்கிட்டு போ.