மறுபடியும் அதே இருவர் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு வாரமாக ஒரே ரகளை. அமெரிக்கக் குத்துச்சண்டைக்காரர் மேவெதரும் பிலிப்பைன்ஸ்காரர் பாக்கியாவும் மறுபடி மோதினால் யார் ஜெயிப்பார் என்பதுதான் பேச்சு. 2015இல் ஜெயித்தவர் மேவெதர், அதனால் அடுத்த தடவையும் அவர்தான் என்பது என் கட்சி. என் மாமா பாக்கியாவ் கட்சி. மேவெதர் எப்போதோ வீட்டில் உட்கார்ந்துவிட்டார், பாக்கியாவ் 46 வயதிலும் ஒரு சாம்பியனோடு 12 ரவுண்டு நின்றார், இது போதாதாலே என்கிறார். நாலு பரோட்டாவும் ஒரு பிளேட் நாட்டுக்கோழி வறுவலும் பந்தயம். வயதான பழைய எதிரிகள் மறுபடி மோதும்போது எதைப் பார்த்து முடிவு சொல்வது? ஒரு வழி சொன்னீர்கள் என்றால் மாமாவை மடக்கிவிடுவேன். என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகர்,
வீரவநல்லூர்

அன்புள்ள தம்பி,

பெயர் போட வேண்டாம் என்றதன் காரணம் புரிகிறது. தோற்றால் மாமா இதை டீக்கடையில் சத்தமாக வாசித்துக் காட்டுவார்.

இந்த ஆரூட விஷயத்தில் எனக்கு அவ்வளவு நல்ல பெயர் கிடையாது. 2012 டிசம்பரில் பாக்கியாவும் மெக்சிகோக்காரர் ஹுவான் மானுவேல் மார்க்வெஸும் நாலாவது தடவையாக மோதினார்கள். பாக்கியாவ்தான் என்று நான் அடித்துச் சொல்லியிருந்தேன். சும்மா சொல்லவில்லை, கணக்கு இருந்தது. முந்தைய மூன்று சண்டைகளும் சேர்ந்து 36 ரவுண்டு. அதில் மார்க்வெஸ் நாலு முறை விழுந்திருக்கிறார், பாக்கியாவ் ஒருமுறைகூட விழவில்லை. மார்க்வெஸுக்கு 39 வயது வேறு. இதற்கு மேல் என்ன வேண்டும்?

நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை காலை. பாளையங்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ரவுண்டு ரவுண்டாக எழுத்தில் வந்த நிலவரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ரவுண்டில் பாக்கியாவ் விழுந்தார் என்றதும் பகீரென்றது. ஐந்தாவதில் மார்க்வெஸ் விழுந்தார். மூக்கு உடைந்து ரத்தம் என்று வந்தது. அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தேன், கரண்ட் போய்விட்டது. அந்த வருடம் நம் பக்கம் கரண்ட் இருந்த நேரத்தைத்தான் எண்ண வேண்டும், உங்களுக்கும் நினைவிருக்கும். யுபிஎஸ் எல்லாம் கீ கீ என்று கத்த, கடைப் பையன் ஒவ்வொரு மேஜையாக வந்து "ஷட் டவுன் பண்ணிருங்க சார்" என்று விரட்டினான். சரி, ஜெயித்தாயிற்று என்ற நினைப்பிலேயே பஸ் ஏறினேன். சமாதானபுரம் தாண்டும்போது நண்பரின் மெசேஜ் வந்தது. ஆறாவது ரவுண்டு முடிய ஒரே ஒரு நொடி பாக்கி இருந்தபோது பாக்கியாவ் குப்புற விழுந்தார், எழுந்திருக்கவே இல்லை.

அப்புறம் அந்த வீடியோவை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். பாக்கியாவ் இடது கைக்காரர். வலது கையை முன்னால் நீட்டிக்கொண்டே ஒரு எட்டு உள்ளே பாய்வார், பின்னாலேயே இடது கை வரும். எட்டு வருடமாக மார்க்வெஸ் அந்தப் பாய்ச்சலை வாங்கிக்கொண்டே இருந்தவர். அன்று பின்வாங்காமல், தலையைக் கொஞ்சம் சாய்த்து, நின்ற இடத்திலிருந்தே வலது கையை நீட்டினார். கையில் பெரிய வீச்சே இல்லை. பாக்கியாவ் பாய்ந்து வந்த வேகம்தான் அவரைச் சாய்த்தது. நடுவர்கள் மூவரின் அட்டையிலும் அதுவரை பாக்கியாவ் ஒரு புள்ளி முன்னால் இருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

அதனால் "போன தடவை ஜெயித்தவர்தான்" என்ற உங்கள் கட்சியை முதலில் கைவிடுங்கள். மாமா எளிதாக உடைத்துவிடுவார்.

அவர் கட்சியும் முழுதாகச் சரியில்லை. வயது எல்லாவற்றையும் ஒரே நாளில் அள்ளிக்கொண்டு போவதில்லை. முதலில் கால். பிறகு கண், அதாவது வருகிற குத்தைப் பார்த்து விலகும் அந்த இமைப்பொழுது. குத்தின் கனம்தான் கடைசியாகப் போகும். ஜார்ஜ் ஃபோர்மேனைப் பாருங்கள். 1974இல் முகமது அலியிடம் பட்டத்தை இழந்தவர், இருபது வருடம் கழித்து 45 வயதில், தன்னைவிடப் பத்தொன்பது வயது இளையவரான மைக்கேல் மூரரோடு மோதினார். ஒன்பது ரவுண்டு அடி வாங்கினார். மூன்று அட்டையிலும் பின்தங்கித்தான் இருந்தார். பத்தாவது ரவுண்டில் இரண்டு குத்து, கதை முடிந்தது. 74இல் போட்டிருந்த அதே சிவப்பு டிரவுசரை அன்றும் போட்டிருந்தார் என்பார்கள் (துவைத்தாரா என்று யாரும் கேட்டதில்லை).

அலி இதற்கு நேர் எதிர். அவர் காலையும் கண்ணையும் நம்பிப் பிழைத்தவர். 1980இல் 38 வயதில் லாரி ஹோம்ஸோடு மோத வந்தபோது எடையெல்லாம் குறைத்து, பார்க்க இளவட்டம் போல இருந்தார். உடம்பைப் பார்த்துவிட்டு பழைய அலி வந்துவிட்டார் என்றார்கள். வந்தது உடம்பு மட்டும்தான். ஹோம்ஸ் ஒருகாலத்தில் அலிக்குப் பயிற்சியில் எதிராளியாக நின்று ஆடிக் கொடுத்தவர். அவரே அடிக்கத் தயங்கித் தயங்கி அடித்தார். பத்து ரவுண்டுக்குப் பிறகு அலியின் மூலையிலிருந்தே நிறுத்திவிட்டார்கள்.

உடம்பைப் பார்க்கக் கூடாது என்பதை எனக்கு முதலில் சொன்னவர் என் பெரியப்பா. அவருக்குக் குத்துச்சண்டை தெரியாது, சிலம்பம் தெரியும். எங்கள் ஊர் அம்மன் கொடையில் மேலத்தெரு ஆசானும் கீழத்தெரு ஆசானும் மோதியது எனக்குப் பத்து வயதில். இருவருக்கும் அறுபது தாண்டியிருக்கும். கம்பு நுனியில் சுண்ணாம்பைத் தடவிவிட்டு இறங்குவார்கள். யார் உடம்பில் வெள்ளைப் பொட்டு விழுகிறதோ அவர் தோற்றார். மேலத்தெரு ஆசான் அப்போதும் முறுக்கிய கயிறு மாதிரி இருப்பார். கீழத்தெருக்காரருக்குத் தொப்பை. முன்பு இருவரும் மோதியதிலெல்லாம் மேலத்தெரு கைதான் ஓங்கியிருந்தது என்று ஊரே சொல்லும். சலாம் வரிசை முடிந்து கம்பு சுழன்றதும் நானும் கம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா என் பிடரியில் ஒரு தட்டுத் தட்டி, "கம்ப ஏம்ல பாக்க, காலப் பாரு" என்றார்.

பார்த்தேன். மேலத்தெரு ஆசான் ஒவ்வொரு முறை பின்வாங்கும்போதும் இடது குதிகால் ஆற்று மணலில் ஒரு கோடு இழுத்தது. காலைத் தூக்கி வைக்கவில்லை, இழுத்துத்தான் வைத்தார். அது அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். சின்ன வயதில் ஆடிய அதே வட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார். கீழத்தெரு ஆசான் நின்ற இடத்தில் ஒரு கோடுகூட இல்லை, இரண்டு குழி மட்டும்தான். அவர் நகரவே இல்லை. தன் கால் போய்விட்டது என்று தெரிந்த மனுஷர். அவன் வரட்டும் என்று கம்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார். கால் மணி நேரம் கழித்து மேலத்தெருக்காரரின் நெஞ்சில், வலது மார்புக்கு ஒரு விரல் மேலே, வெள்ளையாக ஒரு பொட்டு. கொட்டு நின்றுபோனது. மேலத்தெரு ஆசான் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஏதோ பூச்சி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

இதை வைத்துக்கொண்டு உங்கள் கேள்விக்கு வருகிறேன். எதிராளியின் கணக்கு இரண்டு பேருக்குமே மனப்பாடம். ஆகவே அவனைத் தெரிவதால் லாபமில்லை, தன்னிடம் இப்போது என்ன மிச்சமிருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். பாக்கியாவின் ஆட்டமே அந்தப் பாய்ச்சல்தான். 2025 ஜூலையில் முப்பது வயது மரியோ பாரியோஸோடு ஆடியபோதும் பாய்ந்தார். இரண்டு நடுவர்கள் 114-114 என்று போட, ஒருவர் மட்டும் 115-113 என்று பாரியோஸுக்குக் கொடுக்க, சமன் என்று முடிந்தது. 46 வயதில் பெரிய காரியம்தான், மாமா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாரியோஸ் பாய்ச்சலுக்குக் காத்திருந்து அடிக்கிறவர் இல்லை. மேவெதர் வாழ்நாள் முழுக்க அதை மட்டுமே செய்தவர்.

மேவெதர் கடைசியாகக் கணக்கில் சேர்ந்த சண்டை போட்டது 2017 ஆகஸ்டில், மெக்கிரகரோடு. 50 சண்டை, 50 வெற்றி. அதற்குப் பிறகு ஆடியதெல்லாம் காட்சி ஆட்டம். கால் நிச்சயம் போயிருக்கும், கண்ணும் கொஞ்சம் மங்கியிருக்கும். ஆனால் 2015 மே மாதத்துச் சண்டையை மறுபடி ஓட்டிப் பாருங்கள். பாக்கியாவ் உள்ளே வந்த போதெல்லாம் மேவெதர் என்ன செய்தார்? கட்டிப்பிடித்தார். கழுத்தில் கையைப் போட்டு அழுத்தி, நடுவர் வந்து பிரிக்கும்வரை மூச்சு வாங்கினார். பிறகு ஒரு இடது, ஒரு வலது, நாலு அடி தள்ளி நின்றுகொண்டார். 118-110, 116-112, 116-112 என்று புள்ளி விழுந்தது. பாக்கியாவுக்கு அன்று வலது தோளில் காயம் என்று பிறகு அறுவை சிகிச்சை நடந்தது உண்மை. தோள் நன்றாக இருந்திருந்தால் வித்தியாசம் குறைந்திருக்கும், முடிவு மாறியிருக்காது என்பது என் எண்ணம். கட்டிப்பிடிக்க இளமை வேண்டியதில்லை பாருங்கள்.

நடுவர்களையும் கணக்கில் வையுங்கள். 2004இல் பாக்கியாவ் முதல் ரவுண்டிலேயே மார்க்வெஸை மூன்று முறை வீழ்த்தினார். ஒரு ரவுண்டில் ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9. விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் அதில் ஒரு புள்ளி கழிய வேண்டும், அது 10-6. ஒரு நடுவர் 10-7 என்று போட்டுவிட்டார். அந்த ஒரு புள்ளியால் சண்டை சமனில் முடிந்தது. இல்லாவிட்டால் அன்று பாக்கியாவ் ஜெயித்திருப்பார். அந்தக் குறை அப்படியே கிடக்க, நாலு சண்டை வரை இழுத்துக்கொண்டு போயிற்று.

சரி, என் முடிவு. 12 ரவுண்டு என்றால் மேவெதர், புள்ளிக் கணக்கில், பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வருகிற மாதிரி ஒரு ஆட்டத்தில். காலைப் பழையபடி ஓட்டிக் காட்ட ஆசைப்படாமல் இருந்தால் மட்டும். முதல் இரண்டு ரவுண்டிலேயே அவர் ரிங்கைச் சுற்றி ஓட ஆரம்பித்தார் என்றால் மாமா கட்சிக்குத் தாவிவிடுங்கள்.

நாட்டுக்கோழியைப் பந்தயத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். பரோட்டா இரண்டு போதும்.

அன்புடன்,
அண்ணாச்சி