பைக்கு லாக்கர் இருக்கிறது

கேள்வி: மகன் தொடக்கநிலை 5, உயரம் 138 செ.மீ. ரோலர் கோஸ்டர் என்றால் உயிர். மகளுக்கு 5 வயது, 104 செ.மீ. செந்தோசா யுனிவர்சல் ஸ்டூடியோசுக்குப் போய்ப் போய் இருவருக்கும் அலுத்துவிட்டது. அடுத்த ஆண்டு மகனுக்கு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ. அதனால் இந்த டிசம்பரிலேயே ஹாங்காங் டிஸ்னிலேண்ட் போய்விடலாம் என்கிறேன். இவரோ, "எல்லாம் ஒரே ராட்டினம்தான், அந்தக் காசுக்கு இங்கேயே நாலு தடவை போகலாம்" என்கிறார். மூன்று பெரியவர், இரண்டு சிறுவர் என்று கணக்குப் போட்டால் மலைப்பாகத்தான் இருக்கிறது. அத்தையும் வருகிறார். இவருடைய அம்மா, 69 வயது, முட்டிவலி. நாங்கள் சவாரி ஏறும்போது பைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே. மகன் பிறந்தபோது கும்பகோணத்திலிருந்து வந்தவர், நீண்டகால வருகை அனுமதியில் எங்களோடுதான் இருக்கிறார். பெரிய பூங்காவா, உள்ளூரா? நீங்களே சொல்லுங்கள்.
- செங்காங் வாசகி, சிங்கப்பூர்

பதில்:

பையைப் பார்த்துக்கொள்ள இரண்டு பூங்காவிலும் லாக்கர் இருக்கிறது. அதற்கு விமானச் சீட்டு வேண்டாம், குடிநுழைவு அனுமதி வேண்டாம், முட்டியும் வலிக்காது.

விடுமுறைக்கு இரண்டு மாதம் முன்பே "டிஸ்னியா, செந்தோசாவா" கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். எல்லாவற்றிலும் சீட்டு விலை இருக்கும், வரிசை பற்றிய புலம்பல் இருக்கும், கடைசி வரியில் ஒரு பாட்டி இருப்பார். "பாட்டியும் வருகிறார்" என்பதோடு சரி. நீங்கள் ஒருபடி மேலே போய் அவருக்கு வேலையும் ஒதுக்கிவிட்டீர்கள். பதினோரு வருடம் உங்கள் இரண்டு பிள்ளைகளையும் குளிப்பாட்டி, ஊட்டி, பள்ளி வாசலில் காத்து நின்று அழைத்து வந்தவர் அவர். நீங்களும் உங்கள் கணவரும் நிம்மதியாக வேலைக்குப் போய்வந்தது யாரால்? அவரை நாலு மணி நேரம் விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோய், ஒரு பெஞ்சில் ஐந்து பைகளோடு உட்கார வைப்பதற்கு "அத்தையும் வருகிறார்" என்று பெயர் வைக்காதீர்கள்.

உங்கள் செலவுக் கணக்கிலும் இதுதான் தெரிகிறது. மூன்று பெரியவர் என்று போட்டிருக்கிறீர்கள். ஹாங்காங் டிஸ்னிலேண்டில் 60 வயது கடந்தவர்களுக்குத் தனிச் சீட்டு உண்டு. பெரியவர் சீட்டை விட விலை மிகவும் குறைவு. யுனிவர்சலிலும் மூத்தோர் சீட்டு இருக்கிறது. மகனின் 11 வயதைப் பார்த்துச் சிறுவர் சீட்டு என்று எழுதத் தெரிந்த உங்களுக்கு (12 ஆனால் டிஸ்னியில் அவனும் பெரியவர் கணக்கு, ஆகவே இந்த வருடம் என்பது சரிதான்), மாமியாரின் வயதுக்கு ஒரு சீட்டு இருக்குமா என்று தேடத் தோன்றவில்லை.

இனி கேள்விக்கு வருகிறேன். உங்கள் கணவர் சொல்வதும் தவறு, நீங்கள் நினைப்பதும் தவறு.

ரோலர் கோஸ்டர் பைத்தியமான பையனுக்காக டிஸ்னிலேண்ட் போவது வீண். அங்கே வேகமான சவாரிகள் கைவிரலுக்குள் அடங்கும். ஹைப்பர்ஸ்பேஸ் மவுன்டன் இருட்டுக்குள் ஓடும் கோஸ்டர், 102 செ.மீ. இருந்தால் போதும். பிக் கிரிஸ்லி மவுன்டனுக்கு 112, ஆர்சி ரேசருக்கு 120. மகன் மூன்றிலும் ஏறலாம், ஆனால் காலையிலேயே முடித்துவிட்டு "அடுத்தது என்ன" என்பான். செந்தோசாவில் இருக்கும் பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு (125 செ.மீ.) ஈடாக அந்தப் பூங்காவில் ஒன்றுமில்லை. ஹாங்காங்கிலேயே கோஸ்டர் வேண்டுமென்றால் 1977இல் திறந்த ஓஷன் பார்க்தான் இடம். ஆனால் அங்குள்ள ஹேர் ரைசருக்கு 140 செ.மீ. வேண்டும். உங்கள் பையன் இரண்டு செ.மீ. குறைவு. வாசலில் அளவுகோல் வைத்துத்தான் உள்ளே விடுவார்கள், அங்கே நின்று வாதாடிப் பயனில்லை. கிளம்பும் முன் வீட்டுச் சுவரில் நிறுத்தி ஒருமுறை அளந்து பாருங்கள், பிள்ளைகள் வளர்கிறார்கள்.

பெரிய பூங்காவின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. உயரக் கட்டுப்பாடே இல்லாத, பாட்டியும் பேத்தியும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து போகக்கூடிய சவாரிகள் டிஸ்னியில்தான் நிறைய. இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் படகு, வின்னி த பூ, தண்டவாளமே இல்லாமல் அறை அறையாக ஓடும் மிஸ்டிக் மேனர், 2023 நவம்பரில் திறந்த ஃப்ரோசன் பகுதியின் படகு, ஜங்கிள் ரிவர் குரூஸ் என்று வரிசையாகச் சொல்லலாம். கடைசியில் சொன்னதற்கு மொழிவாரியாக மூன்று வரிசை உண்டு. கான்டனீஸ், மாண்டரின் வரிசைகளில் தவறிப்போய் நிற்காமல் ஆங்கில வரிசையில் நில்லுங்கள். யுனிவர்சலில் உங்கள் அத்தை ஏறக்கூடியவை என்று பார்த்தால், செசமி ஸ்ட்ரீட் ஸ்பகெட்டி ஸ்பேஸ் சேஸ், எகிப்துப் பகுதியில் மெல்ல ஓடும் டிரெஷர் ஹன்டர்ஸ் கார்கள், உட்கார்ந்து பார்க்கும் வாட்டர்வேர்ல்ட் (முன்வரிசைகள் நனையும், பின்னால் உட்காருங்கள்), இன்னும் ஒன்றிரண்டு. அவ்வளவுதான். சின்னவளும் அங்கே 102 செ.மீ. கேட்கும் டிரான்ஸ்ஃபார்மர்சில் ஏறிவிடுவாள், 107 கேட்கும் ஜுராசிக் படகிலும் 122 கேட்கும் மம்மியிலும் வெளியே நிற்பாள்.

அதாவது, நீங்கள் மகனைக் காட்டிக் கேட்கும் ஹாங்காங் உண்மையில் உங்கள் மாமியாருக்கும் மகளுக்கும் பொருத்தமான ஊர். யாரைப் பெஞ்சில் உட்கார வைக்க நினைத்தீர்களோ, அந்தப் பூங்கா அவருக்குத்தான் அதிகம் கொடுக்கும். ஆகவே போங்கள். மகனின் கோஸ்டர் பசிக்கு அவன் அப்பா ஒரு வார நாளில் விடுப்பு எடுத்து, இருவர் மட்டும் செந்தோசாவுக்குப் போய், தனியாள் வரிசையில் நின்று ஏறட்டும். காலை வெயிலிலேயே வெளிப்புறச் சவாரிகளை முடிக்கச் சொல்லுங்கள். மின்னல் எச்சரிக்கை வந்தால் பேட்டில்ஸ்டாரை நிறுத்திவிடுவார்கள். டிசம்பர் பிற்பகல் இங்கே எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மம்மியும் டிரான்ஸ்ஃபார்மர்சும் கட்டடத்துக்குள் இருப்பவை, அவற்றை மழைக்கு வைத்துக்கொள்ளலாம். உள்ளூர்ப் பூங்காவின் அருமை இதுதான்: பாதியில் வீட்டுக்கு வந்துவிடலாம், கையைக் கடிக்காது. அக்கம்பக்கத் திடல்களுக்கு அவ்வப்போது வரும் அங்கிள் ரிங்கோ கேளிக்கைச் சந்தையில் இன்னும் வசதி. ஏறுகிறவருக்கு மட்டும்தான் காசு, வேடிக்கை பார்க்கும் பாட்டிக்குச் சீட்டே வேண்டாம். இந்த ஊருக்கு அது புதிதில்லை. 1923இல் ஜாலான் புசாருக்கும் சிராங்கூன் சாலைக்கும் நடுவே நியூ வேர்ல்ட் கேளிக்கைப் பூங்கா திறந்தபோது, ஒரே வளாகத்துக்குள் பங்சாவான் என்ற மலாய் நாடகம், குத்துச்சண்டை, நடனம், சாப்பாட்டுக் கடை எல்லாம் இருந்தன. இன்று அந்த இடத்தில் சிட்டி ஸ்குவேர் பேரங்காடி நிற்கிறது.

இப்போது ஹாங்காங் வேலைகள். முதல் வேலை விமானச் சீட்டு இல்லை. உங்கள் அத்தையிடம் இருப்பது இந்தியக் கடப்பிதழ் என்றால், அவர் ஹாங்காங் போகும் முன் அந்த ஊர்க் குடிநுழைவுத் துறையிடம் தன் வருகையை இணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். 2017 ஜனவரியிலிருந்து இந்தியர்களுக்கு இதுதான் விதி. கட்டணம் இல்லை, பெரும்பாலும் உடனே முடிவு தெரிந்துவிடும், பதிவுச் சீட்டை வெள்ளைத் தாளில் அச்சிட்டுக் கையில் வைத்திருக்க வேண்டும். கடப்பிதழில் உள்ளபடியே பெயரை அடியுங்கள். நம்மவர்களுக்கு அப்பா பெயர் எங்கே, சொந்தப் பெயர் எங்கே என்பதில்தான் குளறுபடி வரும். பதிவு மறுக்கப்பட்டால் முறைப்படி விசா கேட்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஐவருக்கும் விமானச் சீட்டு வாங்கிவிட்டு, விமான நிலையத்தில் ஒருவரைத் திருப்பி அனுப்பும் கொடுமை இந்த ஒரு படிவத்தால்தான் நடக்கிறது. அவருடைய வருகை அனுமதி என்று முடிகிறது என்றும் பாருங்கள், திரும்பி உள்ளே வர அது செல்லுபடியாக வேண்டும்.

கிறிஸ்துமஸ் வாரம் வேண்டாம். நவம்பர் கடைசியில் விடுமுறை தொடங்கியதும் போங்கள். டிஸ்னி சீட்டு விலை நாளுக்கு நாள் மாறும், பூங்காவின் நாள்காட்டியை வைத்துக்கொண்டு பயணத் தேதியைப் போடுங்கள். பராமரிப்புக்காக எந்தச் சவாரி மூடியிருக்கிறது என்பதும் அங்கேயே இருக்கும். அந்த மாதத்தில் ஹாங்காங் வெயில் இதமாக இருக்கும், மாலையில் காற்று குளிரும். முட்டிவலிக்காரருக்குக் கம்பளிச் சட்டையோடு முட்டியை மூடும் நீளக் காலுறையும் வேண்டும்.

ஹாங்காங் நகர்ப்பகுதியான சிம் ஷா சுய்யில் தங்கினால் டிஸ்னிக்கு ரயிலில் லாய் கிங், சன்னி பே என்று இரண்டு இடத்தில் மாற வேண்டும். டாக்சியில் போய்விடுங்கள். நீங்கள் ஐந்து பேர், எல்லா டாக்சியிலும் ஐந்து பேரை ஏற்ற மாட்டார்கள். வண்டியின் முன்னும் பின்னும் நாலா, ஐந்தா என்று இருக்கைக் கணக்கு எழுதியிருக்கும், அதைப் பார்த்துக் கை காட்டுங்கள்.

உள்ளே போனதும் சக்கர நாற்காலி வாடகைக்கு எடுங்கள். "எனக்கென்ன வியாதியா" என்பார். மதியத்துக்குப் பிறகு அவரே உட்காருவார், ஆனால் அப்போது நாற்காலி தீர்ந்திருக்கும். இங்கே ஒரு விஷயம் கவனம். எல்லோரும் செய்கிற மாதிரி பைகளைக் கைப்பிடியில் தொங்கவிடாதீர்கள். உட்கார்ந்திருப்பவர் எழுந்த அந்த நொடியில் பாரம் முழுக்கப் பின்பக்கம் போய் நாற்காலி கவிழும், அவர் கைப்பிடித்து எழுந்துகொண்டிருந்தால் அவரும் சேர்ந்து சாய்வார். எழுப்பும் முன் இரண்டு சக்கரத்தின் பிரேக்கையும் போடுங்கள், கால்தட்டை மடக்குங்கள், பாதம் தரையில் பட்ட பிறகு எழச் சொல்லுங்கள். பல தவறுகள் கால்தட்டின்மீது மிதித்து எழுவதால் வருபவை. படகுச் சவாரிகளில் ஒரு படி கீழே இறங்கி, தாழ்ந்த இருக்கையில் உட்கார வேண்டும். வெளியேறும் பக்கத்து ஓரத்தில் அவரை உட்கார வையுங்கள், எழும்போது உங்கள் கணவர் மேலே நின்று கை கொடுக்கட்டும்.

மகன் கிரிஸ்லியில் ஏறும்போது சின்னவளை யார் பார்ப்பது என்றால், அதற்கும் அத்தையை நிறுத்தாதீர்கள். சவாரி வாசலில் உள்ள ஊழியரிடம் மாற்றி ஏறும் வசதியைக் கேளுங்கள். ஒருவர் மகனோடு போய்வருவார், மற்றவர் குழந்தையோடு இருந்துவிட்டு, மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். அந்த நேரத்தில் பாட்டியும் பேத்தியும் உங்களில் ஒருவரோடு படகில் போகலாம். பையை ஆளுக்கொன்றாகச் சிறிதாக்குங்கள். பெரும்பாலான சவாரிகளில் அது காலடியில் அடங்கிவிடும்.

அவர் சைவம் என்றால் சாப்பாட்டில் ஒரு பொறி இருக்கிறது. ஹாங்காங் கடைகளில் கீரை வதக்கல் என்று வாங்கினால் மேலே சிப்பிச் சாறு ஊற்றியிருப்பார்கள். சாறு வேண்டாம் என்று சொல்லி வாங்குங்கள். இரவுக்கு சிம் ஷா சுய்யில் சுங்கிங் மேன்ஷன்ஸ் கட்டடத்தில் நம் சாப்பாடு கிடைக்கும்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. பெற்ற தாய் பைக்குக் காவலாக வருகிறார் என்று மனைவி எழுதுகிறார், நீங்கள் ராட்டினத்தின் விலையைப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நாற்காலியைத் தள்ளுவது உங்கள் வேலை. மருமகளுடையதும் இல்லை, பேரனுடையதும் இல்லை.

இவ்வளவு நீளமான கடிதத்தில் அத்தை என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை, வாசகியே. கேட்டீர்களா? இன்றிரவு கேளுங்கள், சவாரிகளின் படங்களைக் கைப்பேசியில் காட்டிக் கேளுங்கள். "நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க" என்று முதலில் சொல்வார், அதை வசதியாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். இரண்டாம் முறை மகன் கேட்கட்டும். உண்மையிலேயே விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், ஆனால் நீங்கள் ஊரில் இல்லாத நாள்களில் அவர் வீட்டில் தனியாக இருக்கக் கூடாது. உறவினர் ஒருவரை உடன் தங்கச் சொல்லி, மாத்திரை நேரங்களை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஹாங்காங் பதிவை மட்டும் எப்படியும் செய்து வையுங்கள். ஆறு மாதம் செல்லும், அதற்குள் மனம் மாறினாலும் மாறும்.